பரிசுத்தம் எந்தப் பக்கம் பரவும்?

2017 செப்டம்பரில் ஜொகூரின் மூவாரில் ஒரு சுயசேவை டோபிக் கடை, தன் இயந்திரங்களில் முஸ்லிம்கள் மட்டுமே துணி துவைக்கலாம் என்று பலகை வைத்தது. உடையின் தூய்மை கெடக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். படம் பரவியது, கூச்சல் எழுந்தது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் நேரடியாகத் தலையிட்டார். மாநிலத்தில் இஸ்லாத்தின் தலைவரும் அவரே. இது தலிபான் நாடல்ல என்று கண்டித்ததோடு, பாகுபாட்டை நிறுத்தாவிட்டால் கடையை மூடவைப்பேன் என்றும் எச்சரித்தார். உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார். பலகை இறங்கியது.

அந்தச் செய்தியை அடுத்த வீட்டுச் சண்டையாகப் பார்த்துவிட்டுப் போவது நம் கிறிஸ்தவர்களுக்கு எளிது. ஆனால் பலகைக்குப் பின்னால் இருந்த கேள்வி விவிலியத்தின் நடுவிலேயே கிடக்கிறது. கடவுள் பரிசுத்தர் என்றால், அவருக்கு நெருக்கமானவர்கள் அசுத்தத்திலிருந்து விலகி நிற்க வேண்டுமா, அதை நோக்கிப் போக வேண்டுமா? பரிசுத்தமும் அசுத்தமும் ஒன்றையொன்று தொட்டால் எது எதை வெல்லும்? தமிழ்க் கிறிஸ்தவத்தின் கடந்த முந்நூறு ஆண்டு வரலாற்றில் மிகக் கசப்பான சண்டைகள் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. அந்த வரலாற்றின் ஒரு கிளை கப்பலேறி, ஜொகூரின் பால்மரத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் இறையியல். கடவுளின் பரிசுத்தம் என்றதும் பாவமில்லாத நிலை, ஒழுக்கத்தின் உச்சம் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அது பாதிதான். ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1911இல் மொரோக்கோவின் மொகடோர் துறைமுகத்தில் ஒரு சிறிய யூதத் தொழுகைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எசாயா நூலில் வானதூதர்கள் மும்முறை பரிசுத்தர் என்று முழங்கும் பகுதி எபிரேயத்தில் பாடப்பட்டது. தேவாலயங்களில் பலமுறை கேட்டிருந்த அதே வரிகள் அன்று அவரை உலுக்கின. அந்தப் பயணத்திலேயே இந்தியாவுக்கும் வந்தார். 1917இல் அவர் வெளியிட்ட ‘புனிதம்’ என்ற நூல், பரிசுத்தம் ஒழுக்கத்துக்கு முந்தியது என்று வாதிட்டது. மனிதனை நடுங்கவும் வைத்து, அதே கணத்தில் தன்பால் இழுக்கவும் செய்கிற, அறிவுக்குள் அடங்காத வேறொன்று அது என்றார். எரியும் முட்செடிக்கு முன் மோசே முகத்தை மூடிக்கொண்டது இந்த நடுக்கத்தால்தான்.

ஓட்டோவின் நூலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவருடைய பரிசுத்தம் தனி மனிதனின் நெஞ்சுக்குள் நிகழ்ந்து நெஞ்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவனை அது என்ன செய்யச் சொல்கிறது என்று அவர் அதிகம் கேட்கவில்லை. அவரை உலுக்கிய எசாயா ஆறாம் அதிகாரமோ அதைக் கேட்கிறது.

அந்தக் காட்சி உசியா மன்னன் இறந்த ஆண்டில் நிகழ்ந்ததாக நூல் சொல்கிறது, கி.மு. 740ஐ ஒட்டிய காலம். உசியா யார் என்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. குருக்களுக்கு மட்டுமே உரிய தூபம் காட்டும் பணியைத் தானே செய்யக் கோவிலுக்குள் நுழைந்து, நெற்றியில் தொழுநோய் கண்டு, சாகும்வரை தனி வீட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டவன் அவன். பரிசுத்தத்தை நெருங்கிய அசுத்தம் என்ன ஆகும் என்பதற்கு அரசனே சாட்சி. அவன் இறந்த ஆண்டில் எசாயா அதே பரிசுத்தத்தை நேரில் காண்கிறார். தானும் தன் மக்களும் அசுத்த உதடு உடையவர்கள் என்று அலறுகிறார். அடுத்து நடப்பது வேறு. வானதூதர் ஒருவர் பலிபீடத்திலிருந்து ஒரு நெருப்புத்துண்டை எடுத்துக்கொண்டு பறந்து வந்து அவர் உதட்டைத் தொடுகிறார். அவர் எரிந்துபோகவில்லை. பாவம் நீங்கியது என்கிறது குரல். இங்கே பரிசுத்தம்தான் எழுந்து வந்து அசுத்தத்தைத் தொடுகிறது.

எபிரேய மறைநூல் முழுவதும் இப்படி ஒரே குரலில் பேசுகிறது என்று சொன்னால் அது பொய். உடன்படிக்கைப் பேழை சாயும்போது தாங்கிப் பிடித்த உசா அங்கேயே விழுந்து இறந்தான். ஆகாய் இறைவாக்கினர் குருக்களிடம் ஒரு சட்டக் கேள்வி கேட்கிறார்: பலியிட்ட இறைச்சியை மேலாடையில் முடிந்து வைத்திருப்பவன் அந்த ஆடையால் ரொட்டியைத் தொட்டால் ரொட்டி புனிதமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டவன் ரொட்டியைத் தொட்டால் தீட்டாகுமா? ஆகும் என்கிறார்கள். தீட்டு பரவும், பரிசுத்தம் பரவாது என்பது அந்தத் தீர்ப்பு. எசேக்கியேலோ வேறு மாதிரி பேசுகிறார். குருக்கள் வழிபாட்டு உடையோடு வெளியே வந்தால் மக்களுக்குப் பரிசுத்தம் பரவிவிடும், கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்கிறார். ஆக, திசை பற்றிய விவாதம் மறைநூலுக்குள்ளேயே முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

லேவியர் நூலை எடுத்துக்கொள்வோம். தீட்டுச் சட்டங்களின் நூல் என்று பெயர் வாங்கியது அது. அதன் 17 முதல் 26 வரையான அதிகாரங்களுக்கு 1877இல் ஆகஸ்ட் குளோஸ்டர்மன் என்ற அறிஞர் ‘பரிசுத்தச் சட்டம்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதன் நடுவே 19ஆம் அதிகாரம். நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராக இருங்கள் என்று கடவுள் ஆணையிட்டுத் தொடங்குகிறது. பிறகு வரும் பட்டியலில் பெற்றோர் மதிப்பும் ஓய்வுநாளும் பலி முறையும் உண்டு. கூடவே இவையும் உண்டு: வயலின் ஓரத்தை ஏழைக்கு அறுக்காமல் விடு. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. காது கேளாதவனைச் சபிக்காதே. உன் நாட்டில் தங்கும் அந்நியனை உள்ளூரானைப் போல நடத்து, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தவன்தான்.

தோட்டத்துக் கங்காணியின் கணக்குப் புத்தகத்துக்கு முன் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம். கூலியைப் பிடித்து வைப்பது கடவுளின் பரிசுத்தத்துக்கு எதிரான குற்றம் என்று சொல்லும் நூல் அது. பலிபீடத்து விதியும் கூலி விதியும் ஒரே மூச்சில் வருகின்றன. லேவியருக்குப் பெரிய உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம், இந்த அதிகாரங்களில் பரிசுத்தம் குருக்களின் சொத்தாக இருந்த நிலை மாறி முழு மக்களின் கடமையாகிறது என்று காட்டியிருக்கிறார். ஓசேயா இன்னும் ஒரு படி மேலே போகிறார். எப்ராயிமை அழிக்கமாட்டேன் என்று கடவுள் சொல்கிறார். அதற்கு அவர் தரும் காரணம், தாம் மனிதனல்ல, அவர்கள் நடுவே இருக்கும் பரிசுத்தர் என்பது. மனிதனாக இருந்தால் பழிவாங்கியிருப்பார் என்பது இதன் உட்பொருள். பரிசுத்தமே இரக்கத்துக்கு ஆதாரமாகிறது.

இயேசுவை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே அவர் தொழுநோயாளி ஒருவரைக் கை நீட்டித் தொடுகிறார். சொல்லே போதுமாயிருக்கத் தொட்டார். ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கு இருந்த பெண் பின்னாலிருந்து அவர் ஆடையைத் தொடுகிறாள். ஆகாயின் குருக்கள் தீர்ப்புப்படி அவர் தீட்டாகியிருக்க வேண்டும். ஆனால் அவரிடமிருந்து வல்லமை வெளியேறிப் பெண் குணமாகிறாள். உடனே இறந்த சிறுமியின் கையையும் பிடிக்கிறார். தொழுநோய், இரத்தம், பிணம் என்று லேவியர் நூலின் பெரிய தீட்டுகள் மூன்றையும் மாற்கு இந்தச் சில பக்கங்களுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்.

இதை வைத்து, யூதச் சட்டம் கொடியது, இயேசு அதை ஒழித்தார் என்று மேடைகளில் பேசுவது பழக்கம். அது சோம்பேறி வாசிப்பு. குணமான தொழுநோயாளியிடம் இயேசு சொன்னது, மோசே கட்டளையிட்டபடி குருவிடம் போய்க் காட்டு என்பதுதான். 2020இல் மத்தேயு தீசன் எழுதிய நூல் இதை விரிவாக வாதிடுகிறது. நற்செய்திகளின் இயேசு தீட்டு இல்லை என்று மறுக்கவில்லை. தீட்டைவிட வலிமையான பரிசுத்தம் அவரிடமிருந்து பாய்கிறது என்பது தீசனின் முடிவு. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆகாய் கேட்ட கேள்விக்கு இயேசுவின் உடல் வேறு பதில் சொன்னது. அந்தப் பதில் சபைக்கும் கடத்தப்பட்டது. யோப்பாவில் பேதுருவுக்கு வந்த காட்சி அவரை ரோமப் படைத்தலைவனின் வீட்டுப் பந்தியில் கொண்டுபோய் உட்காரவைத்தது. நம்பிக்கையற்ற கணவன் நம்பிக்கையுள்ள மனைவியால் பரிசுத்தமாகிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். குடும்பத்துக்குள்ளும் பரிசுத்தமே பரவும் என்பது அவர் கணக்கு.

இனித் தரங்கம்பாடி. லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலையில் அங்கே இறங்கினார்கள். 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதி வாரியாக இடம் பிரிக்கப்பட்டிருந்தது. 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். தஞ்சைப் பகுதியில் அயராது உழைத்த இராஜநாயக்கன் என்ற உபதேசியாருக்கும் அந்தத் தகுதி இருந்தது. அவர் பறையர். அவர் கையிலிருந்து மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற அச்சத்தால் அவருக்கு அபிஷேகம் தரப்படவில்லை. இந்த முடிவின் இறையியலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் என்று நம்புகிறவர்கள், அவை ஒரு மனிதனின் கையால் தீட்டாகும் என்றும் நம்பினார்கள். இரண்டையும் சேர்த்து நம்புவதற்கு, கிறிஸ்துவைவிடத் தீட்டு வலிமையானது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் வாதம் இருந்தது, அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதியை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் கொந்தளிப்பு. தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் சாதி ஒழுக்கத்தின் பக்கம் நின்று எழுதினார். தனியே உட்காருவதும் தனியே உண்பதும் நாட்டு வழக்கம், மதமல்ல என்பது அந்தத் தரப்பின் வாதம். வெள்ளைக்காரன் தன் நாட்டில் சமையல்காரனோடு பந்தியில் உட்காருகிறானா என்ற கேள்விக்குக் கூர்மை இருந்தது. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுலும் சாதியைச் சமூக அமைப்பாகவே பார்த்தார். வில்சனின் விதியை ஏற்காத பலர் லைப்சிக் லுத்தரன்களிடம் போனார்கள். ஆங்கிலேயரின் மேட்டிமையைச் சுட்டிக்காட்டியதில் சாஸ்திரியார் தரப்புக்குப் பாதி வெற்றி. ஆனால் வழக்கம் மட்டும்தான் என்றால் அது ஏன் வீட்டு வாசலோடு நிற்காமல் திருவிருந்துக் கிண்ணம்வரை வந்தது? அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

கத்தோலிக்கர்கள் ஒன்றும் மேலில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலுக்கு இரண்டு கூடங்கள். வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. இரண்டும் பீடத்தில் சந்தித்தன. தரைவரைபடத்தைப் பார்த்து அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். 1910இல் ஆயர் பார்த் தடுப்பை நீக்கியபோது வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் சில ஆண்டுகளில் தீர்ப்புச் சொன்னது: கிறிஸ்தவராக மாறியவர்கள் மற்ற கிறிஸ்தவரால் தீட்டு வரும் என்று சொல்லிச் சட்டத்தின் முன் உரிமை கோர முடியாது. ஆயர்கள் பல தலைமுறையாகத் தயங்கியதைக் காலனிய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்த மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தார்கள். 2016இல்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது.

இந்த மக்கள்தான் மலாயாவுக்கும் வந்தார்கள். ஜொகூர் வழியாக ரயில்பாதை 1909இல் முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதையோரமெங்கும் தோட்டங்கள் விரிந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதிதிராவிடர் என்று ஆய்வாளர் கே.எஸ். சந்து தம் நூலில் கணக்கிட்டார். தமிழ் லுத்தரன்களுக்காகத் தமிழகச் சபை தொடங்கிய பணி, பின்னாளில் மலேசிய சுவிசேஷ லுத்தரன் சபையாக வளர்ந்தது. 1907ஐ அது தன் தொடக்கமாகக் கொள்கிறது. மெதடிஸ்தருக்குத் தமிழுக்கென்றே தனி ஆண்டு மாநாடு உண்டு. கத்தோலிக்கரைப் பாரிஸ் மிஷன் குருக்கள் தேடித் தேடிப் போனார்கள். 1972இல் மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் உருவானது.

தோட்டத்தில் சாதி சுருங்கியது, ஆனால் கரையவில்லை. மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆய்வு செய்த ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட நூலில், ஊரில் இருந்த பல படிநிலைகள் இங்கே ஆதிதிராவிடர், மற்றவர் என்ற இரண்டாக ஒடுங்கிக் கிடந்ததைப் பதிவு செய்தார். எல்லோரும் ஒரே விடியலில் பெரட்டுக்கு நின்று, ஒரே மாதிரி மரம் சீவி, ஒரே பால் வாளியைத் தூக்கினார்கள். கடவுளின் பரிசுத்தம் மனிதரைப் பிரிப்பதில்லை என்பதைப் பிரசங்கத்தைவிட அந்த வேலை நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். லயத்து வாசலில் அது நின்றுபோனது. 1984இல் வெளியான இராஜகிருஷ்ணன் இராமசாமியின் மலேசியத் தமிழர் சாதி உணர்வு பற்றிய நூல் காட்டியதும் இதே போக்கைத்தான்: பொது இடத்தில் சாதி ஒளிந்துகொள்ளும், கல்யாணப் பேச்சில் வெளியே வரும். இதில் இந்து என்றும் கிறிஸ்தவர் என்றும் பெரிய வேறுபாடு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

இதற்கிடையே இன்னொரு பரிசுத்தமும் நம்மிடம் வந்து சேர்ந்தது. 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற இயக்கங்கள், வெள்ளை உடை, நகை துறப்பு, ஊழியரின் துறவு என்று பரிசுத்தத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்தன. இவர்களைக் கேலி செய்வது எளிது, நான் செய்யமாட்டேன். நகையைக் கழற்றி வைத்த இடத்தில் வரதட்சணைப் பேச்சும் அந்தஸ்துப் பேச்சும் கொஞ்சம் அடங்கும். லேவியர் நூலின் பரிசுத்தச் சட்டத்தில் வரும் கூலியும் அந்நியனும் மட்டும் இந்தப் பட்டியலில் ஏறவேயில்லை. பக்தனின் உடல் தூய்மையானது. அவன் கடையில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளியின் சம்பளம் தாமதமானால் அது பரிசுத்தத்தின் கேள்வியாகத் தோன்றுவதில்லை. ஜொகூரின் தொழிற்சாலைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்று நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் நேப்பாளியும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கிறார்கள்.

லுத்தரின் 1529ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசத்தைத் திடப்படுத்தலுக்கு முன் மனப்பாடம் செய்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். ஆண்டவர் கற்பித்த செபத்தின் முதல் வேண்டுதலுக்கு அது தரும் விளக்கம், கடவுளின் பெயர் தன்னிலேயே பரிசுத்தமானது, அது நம்மிடையேயும் பரிசுத்தமாக விளங்க வேண்டுமென்றே வேண்டுகிறோம் என்று போகிறது. கடவுளின் பரிசுத்தத்தை எந்த மனிதக் கையும் குறைக்க முடியாது. காவல் காக்கவும் வேண்டியதில்லை. நம் நடத்தைதான் அதை உலகின் முன் மறைக்கும் அல்லது காட்டும். கொரிந்தில் பணக்காரர்கள் முன்பே தின்று முடித்து, வேலை முடிந்து வந்த ஏழைகள் பசியோடு நின்றபோது, தகுதியின்றி அப்பத்தை உண்கிறீர்கள் என்று பவுல் சீறியது இதனால்தான். அவர் கண்டித்தது பிறப்பின் தீட்டை அல்ல, பந்தியின் பிரிவை. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட அபிஷேகமும் கால்சட்டைக் கோயிலும் இந்தப் பகுதியை நேர் தலைகீழாக வாசித்தவர்களின் வேலை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஜொகூர் பாருவின் தாமான்களுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் நகர்ந்துவிட்ட பிறகு, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற நினைவும் கலைந்துகொண்டிருக்கிறது. கோயில் ஆண்டு மலர்களில் பெரும்பாலும் ஆயர்களின் படமும் கட்டட நிதியும்தான் இருக்கும். 1950களில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கேளுங்கள்: தோட்டத்துப் பூசையில் பாய் எப்படி விரிக்கப்பட்டது, முதல் நன்மை விருந்தில் யார் வீட்டில் யார் கை நனைத்தார்கள், யாருடைய கல்யாணம் எதற்காக நின்றுபோனது. கைப்பேசியில் பதிவு செய்து, பெயரை மறைக்க வேண்டுமென்றால் மறைத்து, உங்கள் பங்கு அலுவலகத்திலோ சபையிலோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.